ஸ்பேம் பெட்டிக்குள் போன ரசீதுகள்

கடிதம் எழுதும் பாடத்தை ஒருமுறையாவது நடத்தாத ஆசிரியர் நம்மில் யாரும் இருக்க மாட்டோம். இடப்பக்கம் அனுப்புநர், அதன் கீழே பெறுநர், பிறகு ஐயா, பொருள் என்று போகும் அந்த வடிவம் மாணவர்களுக்கு மனப்பாடம். ஆனால் அனுப்புநர் என்ற இடத்தில் எழுதியிருக்கும் பெயர் உண்மைதானா என்று எந்த அஞ்சல்காரரும் பார்ப்பதில்லை. பெறுநர் முகவரி சரியாக இருந்தால் கடிதம் போய்ச் சேர்ந்துவிடும். நம் ஊர்களில் மொட்டைக் கடிதம் இத்தனை காலம் உயிரோடு இருப்பதற்குக் காரணமே இதுதான்.

மின்னஞ்சலும் இப்படித்தான் பிறந்தது. ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு வலையமைப்பு வழியாக முதல் மின்னஞ்சலை ரே டாம்லின்சன் 1971இல் அனுப்பினார். இன்றும் மின்னஞ்சல்களைச் சுமந்து செல்லும் எஸ்எம்டிபி என்ற நெறிமுறையை ஜான் போஸ்டல் 1982இல் எழுதி வெளியிட்டார். அப்போது வலையமைப்பில் இருந்தவை பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும்தாம். ஒருவரை ஒருவர் அறிந்த சிறிய ஊர் மாதிரி. ஆகவே அனுப்புநரைச் சரிபார்க்கும் ஏற்பாடு எதையும் அதில் வைக்கவில்லை. இத்தனைக்கும் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1978 மே மாதம், கேரி துயர்க் என்ற கணினி விற்பனையாளர் ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பி எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். ஸ்பேம் என்ற பெயர் அப்போது வரவில்லை. அது ஒரு டின் இறைச்சியின் பெயர். 1970இல் வந்த ஓர் ஆங்கில நகைச்சுவைக் காட்சியில் அந்தச் சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்லி மற்ற பேச்சையெல்லாம் மூழ்கடிப்பார்கள். வேண்டாத கடிதங்களுக்கு அந்தப் பெயர் பிற்பாடு ஒட்டிக்கொண்டது.

இதையெல்லாம் நான் மேல்நிலை வகுப்பில் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறேன். பாடமாகச் சொல்வது வேறு, ஒரு குடும்பத்தின் பிழைப்போடு சேர்த்துப் பார்ப்பது வேறு. எங்கள் பள்ளியில் கணினி அறிவியல் படித்துவிட்டுப் போன மாணவி ஒருத்தி, சென்னிமலைப் பக்கம் தன் அப்பா நெய்யும் போர்வைகளையும் துண்டுகளையும் இணையதளம் வழியாக விற்கிறாள். சொந்த டொமைன் பெயர், மாதக் கட்டணத்தில் பலரோடு பங்கிட்டுக்கொள்ளும் ஹோஸ்டிங், வேர்ட்பிரஸ், அதன்மேல் ஒரு கடைப் பிளகின். இவ்வளவுதான் முதலீடு. பணம் கட்டியவுடன் வாடிக்கையாளருக்கு ரசீது மின்னஞ்சலில் போக வேண்டும். போனது. ஆனால் யாருக்கும் கிடைக்கவில்லை.

“காசு வாங்கிட்டு ரசீதுகூட அனுப்பலை, போலீஸ்ல சொல்லிருவேன்னு கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தர் போன்ல சத்தம் போடுறாருங்க சார். அப்பா என்னடான்னா, இந்த வெப்சைட்டே வேண்டாம், பழையபடி சொசைட்டிக்கே நெசவு பண்ணிக் குடுத்துக்கலாம்ங்கறாரு” என்றாள்.

அவளும் சும்மா இருக்கவில்லை. ரசீதின் பொருள் வரியை மாற்றிப் பார்த்தாள். ‘ஆஃபர்’ என்ற சொல்லை எடுத்தாள். ஆச்சரியக்குறிகளை நீக்கினாள். படத்தைச் சிறிதாக்கினாள். ஒவ்வொன்றுக்குப் பிறகும் ரசீது ஸ்பேம் பெட்டிக்கே போனது. இதில் வேடிக்கை என்னவென்றால் பிளகின் மட்டும் ஒவ்வொரு ரசீதுக்கு எதிரிலும் ‘அனுப்பப்பட்டது’ என்று பச்சையில் காட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பச்சை பொய் சொல்லவில்லை. பெறும் சர்வர் ஒரு மின்னஞ்சலை வாங்கிக்கொண்டால் 250 என்ற எண்ணைப் பதிலாகச் சொல்லும். வாங்க மறுத்தால் 550 போன்ற, 5இல் தொடங்கும் எண்ணைச் சொல்லும். மறுத்தால் அனுப்பியவருக்குத் தகவல் திரும்பி வரும். ஆனால் 250 சொல்லி வாங்கிக்கொண்ட பிறகு அதை இன்பாக்ஸில் போட்டேனா, ஸ்பேமில் போட்டேனா என்று எந்த சர்வரும் திருப்பிச் சொல்வதில்லை. சொன்னால் மோசடிக்காரர்களுக்கு அது இலவசப் பயிற்சியாகிவிடும். நேர்மையாகக் கடை நடத்துகிறவருக்கும் தெரியாமல் போவது இதன் பக்கவிளைவு.

சொற்களின் கணக்கு

ஸ்பேம் வடிகட்டி என்றாலே சில சொற்களைப் பார்த்துத் தள்ளிவிடும் கருவி என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. 2002இல் பால் கிரஹாம் என்ற நிரலாளர் எழுதிய ஒரு கட்டுரை, சொற்களின் நிகழ்தகவைக் கொண்டு ஸ்பேமைப் பிரிக்கும் முறையைப் பரவலாக்கியது. அடிப்படை பேயிஸ் தேற்றம். பதினோராம் வகுப்புக் கணிதத்தில் இதை நடத்தும் நண்பர்கள் பை, சிவப்புப் பந்து, இயந்திரம் ஒன்று, இயந்திரம் இரண்டு என்ற கணக்குகளோடு இதையும் ஒன்றாகக் கொடுத்துப் பார்க்கலாம்.

வகுப்புக்காக ஒரு கற்பனைக் கணக்கு. 100 மின்னஞ்சல்களில் 40 ஸ்பேம், 60 நல்லவை. ‘இலவசம்’ என்ற சொல் ஸ்பேமில் 20இலும் நல்லவற்றில் 3இலும் வருகிறது. அப்படியானால் ‘இலவசம்’ இருக்கும் ஒரு மின்னஞ்சல் ஸ்பேமாக இருக்கும் நிகழ்தகவு 23இல் 20, அதாவது சுமார் 87 சதவீதம். ‘ரசீது’ என்ற சொல் ஸ்பேமில் 2இலும் நல்லவற்றில் 18இலும் வந்தால், அது இருக்கும் மின்னஞ்சல் ஸ்பேமாக இருக்க 10 சதவீத வாய்ப்புத்தான்.

இந்தக் கணக்குப்படி அவளுடைய ரசீது இன்பாக்ஸுக்குத்தான் போயிருக்க வேண்டும். ஆர்டர் எண், போர்வையின் அளவு, விலை, முகவரி இவற்றைத் தவிர அதில் ஒன்றுமே இல்லை. எனவே கோளாறு சொற்களில் இல்லை என்று அப்போதே முடிவு கட்டலாம். இன்றைய வடிகட்டிகள் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட யார் அனுப்பியது, அவருக்கு யார் சாட்சி என்பதற்கே அதிக எடை கொடுக்கின்றன. மொட்டைக் கடிதத்தில் எவ்வளவு நல்ல தமிழ் இருந்தாலும் அது மொட்டைக் கடிதம்தானே.

உறையும் உள்ளிருக்கும் தாளும்

ஆகவே சொற்களை மாற்றுவதை நிறுத்திவிட்டு, ஸ்பேமில் விழுந்த ஒரு ரசீதையே பிரித்துப் பார்த்தோம். ஜிமெயிலைக் கணினியில் திறந்து, அந்த மின்னஞ்சலின் வலது மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால் ‘ஷோ ஒரிஜினல்’ என்று ஒரு வரி வரும். அதற்குள் போனால் மின்னஞ்சலின் முழுத் தலைப்பகுதியும் தெரியும். பார்ப்பதற்கு மிரட்டலாக இருந்தாலும் மேலே ஒரு சிறிய அட்டவணையில் மூன்று பெயர்களுக்கு எதிரே முடிவுகள் இருக்கும்: எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க். நமக்கு வேண்டியது பெரும்பாலும் அந்த மூன்று வரிகள்தாம்.

அவளுடைய ரசீதில் எஸ்பிஎஃப் பாஸ் என்று இருந்தது. டிகேஐஎம் பற்றி எதுவும் இல்லை. டிமார்க் ஃபெயில்.

எஸ்பிஎஃப் பாஸ் ஆகியும் ஏன் ஃபெயில்? இந்த இடத்தில்தான் பலர் குழம்புகிறார்கள். ஒரு மின்னஞ்சலில் அனுப்புநர் இரண்டு இடங்களில் இருக்கிறார். தபால் உறையின் மேல் எழுதும் அனுப்புநர் ஒன்று. உறைக்குள் இருக்கும் கடிதத்தாளில் எழுதும் அனுப்புநர் இன்னொன்று. நாம் திரையில் பார்ப்பது உள்தாளில் இருப்பதை மட்டும்தான். உறையில் இருப்பதை ‘ரிட்டர்ன் பாத்’ என்ற பெயரில் தலைப்பகுதியில் தேடினால்தான் பார்க்க முடியும். அவளுடைய ரசீதின் உள்தாளில் அவளுடைய ஜிமெயில் முகவரி இருந்தது. விசிட்டிங் கார்டில் அச்சடித்த முகவரி அதுதான் என்பதால் பிளகினிலும் அதையே கொடுத்திருந்தாள். உறையிலோ ஹோஸ்டிங் நிறுவனத்து சர்வரின் நீண்ட பெயர் இருந்தது. எஸ்பிஎஃப் சோதித்தது உறையை. அந்த சர்வர் தன் பெயரில் தானே அனுப்பியிருந்ததால் பாஸ். ஆனால் உள்ளே ஜிமெயில் என்று சொல்லிக்கொண்டு, கூகுளுக்குத் தொடர்பே இல்லாத வேறொரு கணினியிலிருந்து வந்த கடிதத்தை, ஜிமெயிலே பெற்றுக்கொள்கிறது. சந்தேகப்படாமல் என்ன செய்யும்?

அவள் யாஹூ முகவரியைக் கொடுத்திருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும். தன் பெயரில் வெளியிடங்களிலிருந்து வருபவற்றை மறுத்துவிடும்படி யாஹூ 2014 ஏப்ரலிலேயே அறிவித்துவிட்டது. ரசீது ஸ்பேமுக்குக்கூடப் போயிருக்காது. வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

பட்டியலும் முத்திரையும்

இந்த மூன்று பெயர்களையும் சக ஆசிரியர்களுக்கு விளக்கப் பொதுத்தேர்வைவிட நல்ல உவமை எனக்குக் கிடைக்கவில்லை. தேர்வு நாளன்று காலையில் வினாத்தாள் கட்டோடு ஒருவர் மையத்துக்கு வருகிறார். முதன்மைக் கண்காணிப்பாளர் முதலில் பார்ப்பது வந்திருப்பவர் நியமிக்கப்பட்ட வழித்தட அலுவலர்தானா என்பதை. அடுத்துப் பார்ப்பது கட்டின் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்பதை. இரண்டில் எதுவும் பொருந்தாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதற்குத் துறையின் அறிவுரை இருக்கிறது.

எஸ்பிஎஃப் என்பது வழித்தட அலுவலர் பட்டியல். ‘என் டொமைன் பெயரில் இந்தந்த சர்வர்கள் மட்டுமே மின்னஞ்சல் அனுப்பலாம்’ என்று டொமைனின் உரிமையாளர் டிஎன்எஸ்ஸில் எழுதி வைக்கும் ஒரு வரி. பன்னிரண்டாம் வகுப்பு கணினிப் பயன்பாடுகளில் டிஎன்எஸ் தனிப் பாடமாகவே இருக்கிறது. அங்கே டொமைன் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் தொலைபேசிப் புத்தகம் என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். அந்தப் புத்தகத்தின் ஓரத்தில் இப்படிப்பட்ட குறிப்புகளையும் எழுதி வைக்கலாம் என்று ஒரு வாக்கியம் சேர்த்துச் சொன்னால் போதும், மாணவர்களுக்கு அந்தப் பாடம் உயிர்பெற்றுவிடும்.

டிகேஐஎம் என்பது முத்திரை. யாஹூவும் சிஸ்கோவும் தனித்தனியே உருவாக்கிய இரண்டு முறைகளை இணைத்து 2007இல் பொதுத் தரமாக வெளியிட்டார்கள். அனுப்பும் சர்வர் தன்னிடம் மட்டும் இருக்கும் ஒரு ரகசியச் சாவியைக் கொண்டு கடிதத்தின் மேல் ஒரு கையொப்பம் போடுகிறது. அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி டிஎன்எஸ்ஸில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. வழியில் யாராவது ரசீதின் தொகையை மாற்றினால் கையொப்பம் பொருந்தாது.

தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களே, இது மேல்நிலை வகுப்புச் சங்கதி என்று தாண்டிப் போய்விட வேண்டாம். இதன் வேர் உங்கள் வகுப்பில் இருக்கிறது. 101ஐயும் 103ஐயும் பெருக்கச் சொன்னால் ஆறாம் வகுப்புக் குழந்தை ஒரு நிமிடத்தில் 10403 என்று சொல்லிவிடும். 10403ஐக் கொடுத்து, இது எந்த இரண்டு பகா எண்களின் பெருக்கல் என்று கேட்டால் வகுப்பு முழுவதும் திணறும். போகும்போது எளிது, திரும்பும்போது கடினம். 1977இல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் ஆகிய மூவர் இந்த வித்தியாசத்தை வைத்தே ஆர்எஸ்ஏ முறையை உருவாக்கினார்கள். டிகேஐஎம்மில் பெரும்பாலும் பயன்படுவது அதுதான். 2048 பிட் சாவி என்றால் அந்தப் பெருக்கல் தொகை 617 இலக்கம் கொண்ட எண். பகாக் காரணிகள் எதற்கு சார் என்று கேட்கும் குழந்தைக்கு, உங்கள் வீட்டுக்கு வரும் ஒவ்வொரு மின்னஞ்சல் ரசீதிலும் அது இருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம்.

டிமார்க் என்பது துறையின் அறிவுரை. 2012இல் வந்தது. உள்தாளில் இருக்கும் அனுப்புநரின் டொமைனும், எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் சாட்சி சொன்ன டொமைனும் ஒன்றுதானா என்று பார்க்கச் சொல்கிறது. ஒன்றாக இல்லாவிட்டால் விட்டுவிடு, ஸ்பேமில் போடு, மறுத்துவிடு என்ற மூன்றில் எதைச் செய்ய வேண்டும் என்பதையும் டொமைனின் உரிமையாளரே சொல்லி வைக்கலாம். நடந்தவற்றை எனக்கு அறிக்கையாக அனுப்பு என்றும் கேட்கலாம்.

2024 பிப்ரவரியிலிருந்து இவை விருப்பம் இருந்தால் செய்யும் காரியமாக இல்லை. தனிப்பட்ட கணக்குகளுக்கு மின்னஞ்சல் அனுப்பும் எல்லோருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் கட்டாயம் என்று கூகுள் அறிவித்தது. யாஹூவும் அதே வழியில் வந்தது. ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளில் 5000க்கு மேல் அனுப்புவோருக்கு மூன்றுமே கட்டாயம். அதுவரை எப்படியோ போய்ச் சேர்ந்துகொண்டிருந்த எத்தனையோ சிறு கடைகளின் மின்னஞ்சல்கள் அதன் பிறகு தடுமாறியதற்கு இது முக்கியக் காரணம்.

ஒரு மாலையில் செய்ததும் செய்ய முடியாததும்

முதலில் பிளகினில் அனுப்புநர் முகவரியை அவளுடைய சொந்த டொமைனின் முகவரியாக மாற்றினோம். உறையின் மேல் இருக்கும் முகவரியும் அதுவே ஆகும்படி, அந்த முகவரியின் கடவுச்சொல்லோடு எஸ்எம்டிபி வழியாக அனுப்பச் செய்தோம். மறுபடி ஒரு ரசீதை அனுப்பி ‘ஷோ ஒரிஜினல்’ பார்த்தால், இப்போது எஸ்பிஎஃப் பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை. ‘பெர்ம்எரர்’ என்று வந்தது. பட்டியலையே படிக்க முடியவில்லை என்று அர்த்தம்.

டிஎன்எஸ்ஸைத் திறந்து பார்த்தால் எஸ்பிஎஃப் வரி இரண்டு இருந்தது. ஒன்று டொமைன் வாங்கியபோதே ஹோஸ்டிங் நிறுவனம் எழுதியது. மற்றது, விளம்பர மின்னஞ்சல் அனுப்பும் ஒரு சேவையைப் பின்னாளில் இணைத்தபோது ஒட்டியது. ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் வரி ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் பெறுபவர் எதையும் ஏற்க மாட்டார். ஒரே மையத்துக்கு இரண்டு நியமன ஆணைகள் வந்தால் நாம் என்ன செய்வோமோ அதுதான். இரண்டையும் சேர்த்து ஒரே வரியாக எழுதினோம். அந்த ஒரு வரிக்குள்ளும் பிற இடங்களைத் தேடிப் பார்க்கச் சொல்லும் குறிப்புகள் 10ஐத் தாண்டக் கூடாது என்று வரம்பு உண்டு. ஊரில் உள்ள சேவைகளையெல்லாம் அதில் சேர்த்துக்கொண்டே போகிறவர்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள்.

ஹோஸ்டிங் கட்டுப்பாட்டுப் பலகையில் டிகேஐஎம்மை இயக்குவது ஒரு பொத்தானை அழுத்தும் வேலையாக முடிந்தது. டிமார்க் வரியை ‘விட்டுவிடு, ஆனால் அறிக்கை அனுப்பு’ என்ற அளவில் எழுதினோம். தொடக்கத்திலேயே ‘மறுத்துவிடு’ என்று எழுதுவது புத்திசாலித்தனம் அல்ல. நாம் மறந்துபோன ஏதாவது ஒரு வழியில் போகும் நம் சொந்தக் கடிதங்களே செத்துப்போகும்.

அப்படி மறந்துபோன வழி ஒன்று உடனே அகப்பட்டது. தளத்தில் ‘எங்களைத் தொடர்புகொள்ள’ என்று ஒரு படிவம் இருக்கிறது. அதை நிரப்பினால் அவளுக்கு மின்னஞ்சல் வர வேண்டும். அதுவும் வருவதில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். படிவத்தை நிரப்பியவரின் முகவரியையே அனுப்புநராகப் போட்டு அந்தப் படிவம் அனுப்பிக்கொண்டிருந்தது. பதில் எழுத வசதி என்று நினைத்து யாரோ அமைத்தது. ஆனால் அது இன்னொருவர் பெயரில் எழுதும் கடிதம்தானே. அனுப்புநராகத் தன் டொமைன் முகவரியையும், ‘ரிப்ளை டு’ என்ற இடத்தில் கேட்டவரின் முகவரியையும் போட்டால் இரண்டு காரியமும் நடக்கும். பள்ளி முன்னாள் மாணவர் சங்கத்துக்கு இணையதளம் வைத்திருப்பவர்கள் தங்கள் படிவத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

டிஎன்எஸ் மாற்றங்கள் எல்லா இடங்களுக்கும் பரவச் சில மணி நேரம் பிடிக்கும். மறுநாள் மூன்று வரிகளிலும் பாஸ். எங்கள் பள்ளி ஆசிரியர்கள் சிலருடைய கணக்குகளுக்கு அனுப்பிப் பார்த்தோம், இன்பாக்ஸில் விழுந்தது. ஆனால் உண்மையான வாடிக்கையாளர்களில் பலருக்கு இன்னும் ஸ்பேம்தான்.

“விளம்பரம் ஏதாவது அனுப்பினியாம்மா?” என்று கேட்டேன்.

“பொங்கலுக்கு ஒருவாட்டி அனுப்பினேனுங்க சார். 600 பேருக்கு.”

“அத்தனை முகவரி ஏது?”

“கண்காட்சிக்கு வந்தவங்க லிஸ்ட்டுன்னு ஃபிரண்டு ஒருத்தி குடுத்தா.”

அந்த 600 பேரில் ஒருவர்கூட அவளிடம் முகவரி கொடுத்தவர் இல்லை. அவளுடைய போர்வை நல்ல போர்வை, விலை நியாயமானது, அனுப்பியதில் வஞ்சகம் எதுவும் கிடையாது. ஆனாலும் அது ஸ்பேம்தான். இதில் நான் அவளுக்குச் சலுகை காட்டவில்லை. கேட்காதவருக்கு மொத்தமாக அனுப்புவது ஸ்பேம். பொருளின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

பெறுபவர்கள் ‘ஸ்பேம்’ என்று அழுத்தும் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது, 0.1 சதவீதத்துக்குக் கீழேயே இருப்பது நல்லது என்கிறது கூகுள். கேட்பதற்குச் சிறிய எண்ணாகத் தோன்றும். 600 பேரில் இரண்டு பேர் அழுத்தினாலே 0.33 சதவீதம் ஆகிவிடுகிறது. தவிர, பழைய பட்டியல்களில் இப்போது புழக்கத்தில் இல்லாத முகவரிகள் நிறைய இருக்கும். அவற்றுக்கு அனுப்பத் திரும்பத் திரும்ப முயல்வதும் ஓர் அடையாளம். இப்படி அந்த டொமைனுக்கு வந்த கெட்ட பெயரை எந்த டிஎன்எஸ் வரியாலும் அழிக்க முடியாது. இன்னும் சொல்லப்போனால், எஸ்பிஎஃப்பும் டிகேஐஎம்மும் சரியான பிறகு அனுப்புவது அவள்தான் என்பது உறுதியாகிவிட்டது. கெட்ட பெயரும் சரியாக அவள்மேல்தான் எழுதப்படும்.

அந்தப் பட்டியலை அழித்தாள். விளம்பரங்களை முழுவதுமாக நிறுத்தினாள். வாங்கியவர்களுக்கு ரசீது, பார்சல் அனுப்பிய தகவல் இரண்டும் மட்டும். பணம் கட்டி முடித்தவுடன் வரும் பக்கத்தில் ‘ரசீது இன்பாக்ஸில் இல்லையென்றால் ஸ்பேமில் பாருங்கள், இருந்தால் ஸ்பேம் அல்ல என்று அழுத்துங்கள்’ என்று தமிழில் ஒரு வரி சேர்த்தாள். ரசீது கிடைக்காதவர்கள் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசினாள். கோயம்புத்தூர்க்காரர் பேசிக்கொண்டே தன் ஸ்பேம் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார். மூன்று ரசீதுகளும் அங்கேயே இருந்தனவாம். “இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?” என்று அதற்கும் ஒரு சத்தம். ஆனால் போலீஸ் பேச்சு அதோடு நின்றது. ரசீதுகள் பெரும்பாலானவர்களுக்கு இன்பாக்ஸில் விழத் தொடங்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அவளுடைய அப்பா தறியை இன்னும் சொசைட்டிப் பக்கம் திருப்பவில்லை.

பங்கு ஹோஸ்டிங்கில் பக்கத்துக் கடைக்காரர் செய்யும் தப்பு நம்மையும் பாதிக்கலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே ஐபி முகவரியிலிருந்து நூற்றுக்கணக்கான தளங்கள் அனுப்பும். அதில் ஒன்று ஸ்பேம் அனுப்பினால் 1998இலிருந்து இயங்கும் ஸ்பேம்ஹாஸ் போன்ற அமைப்புகளின் தடைப்பட்டியலில் அந்த முகவரி ஏறிவிடும். அவளுடைய சர்வர் எதிலும் இல்லை. இருந்திருந்தால் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் முறையிடுவதோ இடம் மாறுவதோதான் வழி.

வகுப்பில் வந்த கேள்வி

இந்த ரசீதின் தலைப்பகுதியை, முகவரிகளை மறைத்துவிட்டு, உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் பதினோராம் வகுப்புக்குத் திரையில் காட்டினேன். எஸ்பிஎஃப் பாஸ் ஆகியும் டிமார்க் ஃபெயில் ஆனது ஏன் என்று இரண்டு பேராகச் சேர்ந்து கண்டுபிடிக்கச் சொன்னேன். உறை, உள்தாள் என்ற குறிப்பு மட்டும் கொடுத்தேன். பாதி வகுப்பு பிடித்துவிட்டது. பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் கேட்டான்: “அப்படின்னா மூணும் பாஸ்னு வந்தா அந்த மெயிலை நம்பலாமா சார்?”

நம்பக் கூடாது. மோசடி செய்பவரும் ஒரு டொமைனை விலைக்கு வாங்கி, மூன்று வரிகளையும் ஒழுங்காக எழுதி, மூன்றிலும் பாஸ் வாங்கலாம். வாங்குகிறார்கள். பாஸ் என்பது இந்தக் கடிதம் இந்த டொமைனிலிருந்துதான் வந்தது என்பதற்குச் சாட்சி, அந்த டொமைனின் சொந்தக்காரர் யோக்கியர் என்பதற்கு அல்ல. ஆகவே டொமைன் பெயரை வலமிருந்து இடமாகப் படிக்கப் பழக்க வேண்டும். அரசின் முகவரி ‘டாட் கவ் டாட் இன்’ என்று முடியும். ‘கவ்-இன் டாட் காம்’ என்று முடிந்தால் அது வேறு யாரோ. உதவித்தொகை என்றும் சேர்க்கை என்றும் வரும் மின்னஞ்சல்களை நம் மாணவர்கள் செல்பேசியில் அவசரமாகப் பார்க்கும்போது பெயர் மட்டும்தான் தெரியும், முகவரி தெரியாது. பெயரைத் தொட்டால்தான் முகவரி விரியும். இதை ஐந்து நிமிடத்தில் செய்து காட்டலாம்.

இதன் மறுபக்கத்தையும் மாணவர்களிடம் சொல்கிறேன். கல்லூரிக்கு விண்ணப்பித்திருக்கும் நாட்களில் தினமும் ஸ்பேம் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்கிறேன். ஜிமெயில் ஸ்பேமில் விழுந்ததை 30 நாட்களில் தானாகவே அழித்துவிடும். அழைப்புக் கடிதமும் அதோடு போய்விடும். அதேபோல், தானே பதிவு செய்துகொண்ட இடத்திலிருந்து வரும் மின்னஞ்சல் சலித்துப்போனால் ‘ஸ்பேம்’ பொத்தானை அழுத்தாமல் ‘அன்சப்ஸ்கிரைப்’ அழுத்தச் சொல்கிறேன். அந்த ஒரு அழுத்தல் யாரோ ஒரு சிறு கடைக்கு 600இல் ஒன்றாகக் கணக்கில் ஏறும்.

அவளுக்கு டிமார்க் அறிக்கைகள் இப்போது தினமும் வருகின்றன. எக்ஸ்எம்எல் கோப்பாக வருவதால் மாணவர்களுக்கு அதைப் படிக்கக் கொடுப்பதும் நல்ல பயிற்சிதான். அதில் போன வாரம் ஒரு புதிய சர்வரின் பெயர் இருந்தது, எஸ்பிஎஃப் ஃபெயில். யாரோ தன் பெயரில் அனுப்புகிறார்கள் என்று பதறிப்போய்க் கூப்பிட்டாள். பார்த்தால், ஒரு வாடிக்கையாளர் தன் கல்லூரி முகவரிக்கு வருவதையெல்லாம் ஜிமெயிலுக்குத் தானாகத் திருப்பிவிடும்படி வைத்திருக்கிறார். இடையில் கல்லூரியின் சர்வர் கைமாற்றிக் கொடுப்பதால் அது பட்டியலில் இல்லாத ஆள் ஆகிவிடுகிறது. முத்திரை மட்டும் உடையாமல் போய்ச் சேர்ந்திருந்தது. அந்த வரியில் டிகேஐஎம் பாஸ் என்று இருந்ததால் டிமார்க்கும் பாஸ். அதில் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்தேன்.